சாய்ந்த மரம்: எப்போது ஆபத்து, எப்போது இல்லை?

மதுரைப் பக்கம் மரம் விழுவதற்கென்று பருவங்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் கிளம்பும் சூறைக்காற்று. அப்புறம் ஆடிக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறிக் கிடக்கும்போது வீசும் காற்று. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு காரோ ஓட்டு வீடோ மின்கம்பமோ நசுங்கிக் கிடக்கும் படம் செய்தியில் வரும். மறுநாளே தெருவில் கொஞ்சம் சாய்ந்து நிற்கும் மரங்கள் எல்லாவற்றின் மேலும் கண் விழும். வீட்டில் ஒருவர் 'இன்றைக்கே வெட்டிவிட வேண்டும்' என்பார். இன்னொருவர் 'தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் நிற்கிறது, ஒன்றும் ஆகாது' என்பார்.

இரண்டு பேரும் பார்ப்பது சாய்வை மட்டும்தான். மரம் விழுமா என்பதற்குச் சாய்வு ஒரு துப்பு, அவ்வளவே. சாய்ந்து எவ்வளவு காலம் ஆனது, வேரின் பிடி எப்படி இருக்கிறது, விழுந்தால் எதன் மேல் விழும் என்ற மூன்றையும் பார்க்காமல் வெட்டுவதும் தவறு, விடுவதும் தவறு.

மரத்தைப் பிடித்து நிறுத்துவது எது?

பெரிய மரத்தை ஆழமான ஆணிவேர்தான் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறோம். கன்றாக இருக்கும்போது அது ஓரளவு சரி. வளர்ந்த மரத்தில் வேர்களின் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கும். அவை பக்கவாட்டில், கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும். தூரிலிருந்து கிளம்பும் தடித்த பக்கவேர்களும் அவை கவ்வியிருக்கும் மண்ணும் சேர்ந்த அகலமான தட்டுதான் மரத்தின் அடித்தளம்.

ஒரு மரம் கிழக்கே சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்குப் பக்க வேர்கள் அழுத்தத்தைத் தாங்கும். மேற்குப் பக்க வேர்கள், அதாவது சாய்வுக்குப் பின்பக்க வேர்கள், பந்தல் காலைப் பின்னாலிருந்து இழுத்துக் கட்டிய கயிறு போல மரத்தைப் பிடித்திருக்கும். அந்தப் பக்கம் அறுந்தால் மரம் வந்துவிடும். ஆகவே சாய்ந்த மரத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் முதுகுப்பக்கத் தரை.

காற்றின் கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகக் காற்றில் அசையாமல் நின்றது என்பதை வைத்து 80 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதோடு மண் ஊறியிருந்தால் வேரின் பிடியும் தளர்ந்திருக்கும். பெரிய காற்றே இல்லாமல் இரண்டு நாள் அடைமழையில் மட்டும் மரம் சரிவது இதனால்தான்.

வளர்ந்த சாய்வும் வந்த சாய்வும்

இளமையில் ஏதோ ஒரு சுவரோ பெரிய மரமோ வெளிச்சத்தை மறைத்திருக்கும். கன்று வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்தே வளர்ந்திருக்கும். இது வளர்ந்த சாய்வு. இப்படிப்பட்ட மரத்தின் அடி சாய்ந்திருந்தாலும் மேல்பகுதி வளைந்து நிமிர்ந்திருக்கும். வேம்பு, புங்கை, வாகை போன்ற அகன்ற இலை மரங்கள் சாய்ந்த தண்டின் மேல்பக்கத்தில் தனி வகைக் கட்டையை வளர்த்து, அந்த இழுவிசையால் தம்மைச் சமன் செய்துகொள்கின்றன. அப்படிப்பட்ட மரத்தை அறுத்துக் குறுக்குவெட்டைப் பார்த்தால் நடுப்புள்ளி நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அத்தனை ஆண்டுகளாக மரம் தன் சாய்வுக்கு ஏற்பத் தடித்து வந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வகை மரம் இன்னும் பல ஆண்டுகள் நிற்கக்கூடும்.

நேராக வளர்ந்த மரம் ஒரு மழைக்குப் பிறகோ, பக்கத்தில் குழி தோண்டிய பிறகோ சாய்ந்தால் அது வந்த சாய்வு. அடியிலிருந்து நுனி வரை நேர்கோடாக, அப்படியே கோணலாக நிற்கும். நுனி நிமிர்ந்திருக்காது, ஏனென்றால் நிமிர்வதற்கு நேரமே ஆகவில்லை. வேர்த்தட்டு நகர ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இந்த மரத்தடியில் அன்றைக்கே யாரும் படுக்கவோ வண்டி நிறுத்தவோ கூடாது.

தென்னையின் கதை வேறு. தென்னை புல்லினத்துக்கு நெருக்கமான சாதி. அதன் தண்டு ஆண்டுக்கு ஆண்டு தடிப்பதில்லை, வெட்டுக்காயம் மூடுவதும் இல்லை. சாய்ந்த தண்டை அதனால் சரிசெய்ய முடியாது, குருத்து மட்டும் நிமிர்ந்துகொள்ளும். சோழவந்தான் பக்கம் வாய்க்கால் மேல் வளைந்து நிற்கும் தென்னைகள் பலவும் அப்படியே வாழ்ந்துவிடுகின்றன. தென்னையில் கவலைப்பட வேண்டியது அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தாலோ தூரில் தட்டையான காளான் முளைத்தாலோதான். இரண்டும் தஞ்சாவூர் வாடல் நோயின் அறிகுறிகள். வேர் வெளியே தெரிகிறது, வேறு கோளாறு இல்லை என்றால் தூரில் மண் அணைக்கலாம், புது வேர் விடும்.

தரையிலிருந்து மேலே: பார்க்கும் வரிசை

பலரும் அண்ணாந்து பார்த்து ஆரம்பிக்கிறார்கள். தரையில் ஆரம்பிப்பது நல்லது.

1. முதுகுப்பக்க மண். மரத்தைச் சுற்றிப் பிறை வடிவில் வெடிப்பு ஓடியிருக்கிறதா? அந்த வெடிப்புக்கு உள்பக்கம் மண் சற்றே மேலெழும்பியிருக்கிறதா? காற்றடிக்கும்போது மண் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை, அவசரம்தான்.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கக் கரிசல் மண்ணில் இங்கே ஒரு குழப்பம் வரும். கோடையில் கரிசல் தானாகவே வாய் பிளக்கும். அந்த வெடிப்பு நிலம் முழுக்கக் கட்டம் கட்டமாக, எல்லாப் பக்கமும் ஓடும், இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்கும். மரம் கிளப்பிய வெடிப்பு தூரை மையமாக வைத்து வில்லாக வளையும், உள் ஓரம் வெளி ஓரத்தைவிட உயர்ந்திருக்கும். ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2. சாய்ந்த பக்கத் தூர். அங்கே மண் நசுங்கிப் புடைத்திருக்கிறதா, அல்லது தூருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்து மழைநீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

3. தூரின் வடிவம். ஆரோக்கியமான மரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேராக இறங்கும். மின்கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் போனால் தூர் புதைந்துவிட்டது. வயலை மனையாக்கும்போது கிராவல் அடித்து இரண்டு மூன்று அடி மேடாக்கும் இடங்களில் இது சகஜம். கண்மாய்ப் பாசன வயல்களாக இருந்து மனையான இடங்கள் மதுரையைச் சுற்றி நிறைய. புதைந்த தூரில் பட்டை அழுகும், வேருக்குக் காற்று கிடைக்காது. மேலே இலை பச்சையாகவே இருக்கும். சில ஆண்டு கழித்து ஒரு காற்றில் அடியோடு சாயும். சந்தேகம் இருந்தால் கையால் மண்ணை விலக்கிப் பார்க்கலாம், கடப்பாரை வேண்டாம்.

4. காளான். தூரிலோ வேரிலோ தட்டுத்தட்டாக, கட்டையைப் போலக் கடினமான காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை மக்குகிறது. மழைக்காலத்தில் மண்ணில் முளைக்கும் குடைக்காளான் வேறு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பட்டையில் ஏறும் கரையான் புற்றும் பல நேரம் செத்த பட்டையைத்தான் தின்கிறது.

5. தண்டும் கவையும். நெடுக்காக ஓடும் பிளவு, பொந்து, இரண்டு தண்டுகள் ஒட்டி வளரும் இறுக்கமான கவை. கவைக்குள் பட்டை மடிந்து புகுந்திருந்தால் அந்த இடம் பலவீனமானது.

6. சாய்வின் அளவு. கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு போதும். சாய்ந்த பக்கம் தண்டில் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து அதைத் தொங்கவிட்டு, குண்டுக்கும் தூருக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் என்றால் சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி. அதற்கு மேல் இருந்தால் மரம் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டுவது நல்லது. ஆனால் இந்த எண்ணைவிட முக்கியம், அடுத்த மாதம் அளக்கும்போது அது மாறியிருக்கிறதா என்பது. குண்டு தொட்ட இடத்தில் ஒரு கல்லைப் பதித்து, தேதியோடு எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த மழைக்குப் பிறகு வாதம் செய்ய வேண்டியிருக்காது.

பொந்து விழுந்தால் மரம் முடிந்ததா?

இல்லை. உள்ளே வைரக்கட்டை மக்கி வெறும் கூடாக நிற்கும் புளியமரங்கள் பழைய சாலையோரங்களில் எத்தனையோ. வளைவைத் தாங்குவதில் தண்டின் வெளிப்பகுதிதான் பெரும்பங்கு வகிக்கிறது. விட்டத்தில் பாதி அளவு பொந்து நடுவில் இருந்தால் கணக்குப்படி இழக்கும் வலிமை 6 சதவீதம்தான். விட்டத்தில் 70 சதவீதம் பொந்தானால் இழப்பு 24 சதவீதம். அதற்கு மேல் போகப் போக நிலைமை வேகமாக மோசமாகும். ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை சுற்றிலும் இருக்க வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள அளவுகோல். 160 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்துக்கு அது சுமார் 8 சென்டிமீட்டர்.

பொந்து ஒரு பக்கமாகத் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. சாய்ந்த மரத்தில் அந்தத் திறப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைப்பது பழைய வழக்கம். அது மரத்துக்கு வலிமை தருவதில்லை, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது.

குழி தோண்டுவதே பெரிய காரணம்

முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், சாலை விரிவு, வீட்டுச் சுற்றுச்சுவர் அஸ்திவாரம் என்று நகரத்தில் மரத்தடி மண் தோண்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பொக்லைன் வாளி ஒரு இழுப்பில் அறுக்கும் வேர் நாற்பது ஆண்டு வளர்ச்சி. அன்றைக்கு மரம் ஒன்றும் காட்டாது. இரண்டு மூன்று மழைக்காலம் கழித்துத்தான் காட்டும், அதற்குள் குழி தோண்டியதை எல்லோரும் மறந்திருப்போம்.

பாதுகாப்பான தூரத்தைச் சுற்றளவை வைத்தே சொல்லிவிடலாம். மார்பு உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு கயிறு போட்டு அளந்துகொள்ளுங்கள். அந்தக் கயிற்றின் நீளத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் தோண்டக் கூடாது. நான்கு கயிறு நீளம் வரை முடிந்தால் தவிர்க்க வேண்டும். முடியாவிட்டால் இயந்திரத்தை விட்டுக் கையால் தோண்டி, தடித்த வேருக்குக் கீழே குழாயை நுழைக்கலாம். சாய்ந்த மரமானால் முதுகுப்பக்கத்தைத் தொடவே கூடாது. உங்கள் தெரு மரத்தின் ஒரு பக்கம் அப்படிப் பள்ளம் தோண்டியிருந்தால், மரம் நேராகத் தெரிந்தாலும் அதைச் சாய்ந்த மரமாகவே எண்ணிக் கவனிக்கலாம்.

மரத்தின் சாதியும் கொஞ்சம் பேசும். மயில்கொன்றை, முருங்கை கிளைகள் எளிதில் முறியும். தூங்குமூஞ்சி மரம் குடையை அகல விரிப்பதால் கிளையின் பாரமே அதற்குச் சுமை. புளியும் வேம்பும் உறுதியானவை, ஆனால் வேர் அறுபட்டால் உறுதிக்கு மதிப்பில்லை. வேம்பில் சில ஆண்டுகளாகக் காணும் நுனி கருகலை மட்டும் வைத்து மரம் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், பல மரங்கள் மறுபடி துளிர்க்கின்றன.

விழுந்தால் எதன் மேல்?

தோட்டத்தின் மூலையில் சாய்ந்து நிற்கும் இலுப்பை விழுந்தால் வேலி போகும். அதே மரம் பள்ளி வாசலில் நின்றால் பேச்சே வேறு. மரத்தின் நிலை ஒன்றாக இருந்தாலும் முடிவு ஒன்றாக இருக்க முடியாது.

முதலில் உயரம். கை நீட்டினால் கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு தூரமோ, அவ்வளவு நீளக் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். குச்சியின் அடியும் நுனியும் மரத்தின் அடியையும் நுனியையும் மறைக்கும் இடத்தில் நின்றால், உங்களுக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மரத்தின் உயரம். அந்தத் தூரத்துக்குள் சாய்ந்த பக்கம் என்னென்ன இருக்கின்றன, அங்கே ஆட்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று எழுதிப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நாலு பேர் தூங்கும் அறையும், நாளுக்கு ஒரு முறை போய்வரும் மோட்டார் அறையும் ஒன்றல்ல.

செய்யக்கூடியவை

1. விட்டுவிட்டுக் கவனிப்பது. வளர்ந்த சாய்வு, தரையில் அறிகுறி இல்லை, தூர் நன்றாக இருக்கிறது என்றால் இதுவே சரி. ஒவ்வொரு காற்றுக்காலத்துக்கு முன்னும் பின்னும் தூக்குக்குண்டு, ஒரே இடத்திலிருந்து ஒரு படம். போதும்.

2. கீழே இருப்பதை நகர்த்துவது. மரத்தை நகர்த்த முடியாது, கார் நிறுத்தும் கொட்டகையை நகர்த்தலாம். தொழுவத்தை, திண்ணையை, டீக்கடை பெஞ்சை நகர்த்தலாம். இது யாருக்கும் தோன்றுவதில்லை, செலவோ மிகக் குறைவு.

3. பாரம் குறைப்பது. சாய்ந்த பக்கக் கொப்புகளின் நீளத்தைக் குறைத்துக் கவாத்து செய்வது. ஒரு பருவத்தில் இலைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் தெரியும், அதை விட்டு வெளியே அறுக்க வேண்டும். மொத்தமாக மொட்டையடிப்பது கவாத்து ஆகாது. வெட்டிய இடம் அழுகும், அழுகிய இடத்திலிருந்தே ஒட்டுப்போட்டதுபோலப் புதுக் கிளைகள் கொத்தாக எழும். நாலைந்து வருடத்தில் அவை பருத்தபின் பழைய மரத்தைவிட ஆபத்து.

4. முட்டுக் கொடுப்பது. தாழ்ந்து படர்ந்த கிளைக்குக் கல்தூண் முட்டு கொடுப்பது கோவில் மரங்களில் பார்த்திருப்போம். அரிய மரத்துக்கு அது நியாயம். வேர் பிடி போன பெரிய மரத்துக்கு முட்டோ கம்பியோ நம்பிக்கை தராது. கம்பியைத் தண்டில் சுற்றிக் கட்டினால் சில ஆண்டில் பட்டையை அறுத்து மரத்தையே கொல்லும். சாய்ந்த பெரிய மரத்தை ஜேசிபி வைத்து நிமிர்த்துவதும் அப்படியே. கை தடிமன் கன்றை நிமிர்த்தலாம், முதிர்ந்த மரத்தில் மிச்சம் இருந்த வேரும் அறும்.

5. வெட்டுவது. புதிதாக வந்த சாய்வு, முதுகுப்பக்கம் எழும்பிய மண், அழுகிய தூர், கீழே ஆட்கள் புழங்கும் இடம். இவை சேர்ந்தால் தயங்கக் கூடாது.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு வார்த்தை. கட்டையை எடுத்துக்கொண்டு கூலியைக் கழித்துக்கொள்பவரிடமே 'மரம் நிற்குமா?' என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, தோட்டக்கலைத் துறை அலுவலகங்கள் இருக்கின்றன. வெட்டும் வேலையில் லாபம் இல்லாத ஒருவர் முதலில் பார்க்கட்டும்.

அனுமதி, அண்டைவீடு, மின்கம்பி

சாலையோரம், கண்மாய்க் கரை, புறம்போக்கு மரங்களை யாரும் தாமாக வெட்டக் கூடாது. அரசு நிலத்து மரங்களுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ படத்தோடு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வதே வழி. சொந்த நிலத்திலும் சந்தனம், தேக்கு, ஈட்டி என்றால் வனத்துறையிடம் கேட்க வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

அடுத்த வீட்டு மரம் உங்கள் பக்கம் சாய்ந்திருந்து, சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை என்றால் சட்டத்தில் இடம் உண்டு. விழுந்து ஆட்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ தாங்கல் கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152. முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. நடைமுறையில் கோட்டாட்சியரிடம் மனு கொடுப்பார்கள். வெட்டுவது மட்டுமல்லாமல் தாங்கல் கொடுப்பதையும் சட்டம் ஒரு வழியாகவே வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏற வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

வெட்டும் அன்றும் அதற்குப் பிறகும்

சாய்ந்த மரத்தை அடியில் அறுத்து விழவைப்பது மிக ஆபத்தான வேலை. முதுகுப்பக்கத்தில் ரம்பம் பாதி போவதற்குள்ளேயே தண்டு நெடுக்காகப் பிளந்து, பிளந்த பகுதி பின்னால் எகிறி அறுப்பவரை அடிக்கும். மேலிருந்து துண்டு துண்டாக, வடம் கட்டி இறக்குவதுதான் முறை. பச்சைக் கட்டை ஏறத்தாழ தண்ணீரின் எடை இருக்கும். 30 சென்டிமீட்டர் தடிமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள கிளை 200 கிலோவுக்கு மேல். வேரோடு பாதி சாய்ந்து கிடக்கும் மரத்தின் தண்டை அறுத்தவுடன் தூர் குழிக்குள் திரும்பி நிமிர்ந்துவிடும், அந்தக் குழியில் யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகளை அருகில் விடவே கூடாது.

கரிசல் மண்ணில் வீட்டை ஒட்டி நின்ற பெரிய மரத்தை எடுத்தால் இன்னொரு விளைவு உண்டு. இத்தனை ஆண்டு மரம் உறிஞ்சிய ஈரம் இனி மண்ணிலேயே தங்கும், கரிசல் ஊறிப் பருத்து அஸ்திவாரத்தைத் தூக்கும், சுவரில் விரிசல் விடக்கூடும். இது ஒரே மழையில் வராது, ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். மரத்தை அவசரமாக எடுக்க வேண்டிய நிலை இல்லையென்றால் இரண்டு மூன்று பருவமாகக் குறைத்து எடுப்பது சுவருக்கு நல்லது. மரத்தை எடுத்த இடத்தில் மழைநீர் தேங்காமல் வாட்டம் கொடுத்துவிட வேண்டும். புதுக் கன்றை அதே குழியில் வைக்காமல், சுவரிலிருந்து குறைந்தது ஐந்தாறு மீட்டர் தள்ளி, மின்கம்பி போகாத பக்கமாக வைக்கலாம்.